நாடக நடிகருக்கு நீடித்து உழைக்கும் ஹெட்செட் மைக்

ஹெட்செட் மைக்கில் பெரும்பாலும் முதலில் போவது வயர்தான். அதுவும் கனெக்டரின் கழுத்தில். வயரை மட்டும் கழற்றி மாற்றக்கூடிய மாடலையே வாங்குங்கள். கன்ட்ரிமேன் இ6 அப்படிப்பட்டது. உங்கள் பெல்ட்பேக்கில் (இடுப்பில் மாட்டும் வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டர்) கனெக்டர் பொருந்துகிறதா என்று கடையிலேயே செருகிப் பாருங்கள்.

அடுத்த எதிரி வியர்வை. மைக்கின் தண்டு வழியே வழிந்து, அதன் நுனியில் ஒலியை வாங்கும் கேப்ஸ்யூலுக்குள் இறங்கினால் குரல் மங்கும், கரகரக்கும். கேப்ஸ்யூலுக்குச் சற்று முன்னால் தண்டில் நூலை இரண்டு சுற்று கட்டிவிட்டால் சொட்டு அங்கேயே தடைபடும். எல்லாத் திசையிலிருந்தும் ஒலியை வாங்கும் ஆம்னி வகையே நாடகத்துக்குப் பொருத்தம். மைக் கொஞ்சம் நகர்ந்தாலும் குரல் அதிகம் மாறாது, மூச்சுக்காற்றின் 'பப்' சத்தமும் குறைவு. சண்டை, நடனம் உண்டென்றால் இரண்டு காதிலும் மாட்டுவதை எடுங்கள்.

பிடரியில் டேப் ஒட்டும்போது, தலை குனிந்தாலும் வயர் இழுபடாத அளவு தளர்வு விடுங்கள்.