ஐந்து நாப்பும் ஒரு நாப்பும் ஒன்றல்ல

சுங்கை சிப்புட்டில் என் கடை மாடிக்குச் சனிக்கிழமைகளில் நாலைந்து பையன்கள் மடிக்கணினியோடு வருவார்கள். போன மாதம் ஒருவன், "அண்ணே, கெர்னல் பேட்ச் நல்லாத்தான் ஓடுது. திடீர்னு ஒரு நேரம் மிஷின் அப்படியே நின்னுடுது" என்றான். கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையம்; அதன் கட்டளைகளை மாற்றி எழுதுவதுதான் பேட்ச்.

திறந்து பார்த்தேன். பிற்பாடு 5 பைட் 'கால்' கட்டளை (வேறொரு ஃபங்ஷனை அழைப்பது) எழுத இடம் வேண்டுமென்று ஃபங்ஷன் வாசலில் ஐந்து 90 வைத்திருந்தான். எக்ஸ்86 சிப்பில் 90 (பதினாறு அடிமான எண்) என்பது நாப், ஒன்றும் செய்யாத ஒற்றை பைட் கட்டளை. இடம் போதும்தான். ஆனால் இரண்டாவது நாப் முடிந்ததும் இன்டரப்ட் (சிப்பின் வேலையை இடைமறிக்கும் அழைப்பு) வந்து, அந்த வேலை ஓரமாக நிறுத்தப்பட்டால்? அது திரும்பி வர வேண்டியது மூன்றாவது பைட்டுக்கு. அதற்குள் அங்கே 'கால்' எழுதிவிட்டால், சிபியு கட்டளையின் நடுவில் போய் இறங்கும். அங்கிருக்கும் தூரக் கணக்கைக் கட்டளை என்று நினைத்து ஓட்டும். 5 பைட்டுக்கு ஒரே நாப்பாக எழுதும் வடிவம் உண்டு. லினக்ஸில் ஃபங்ஷன் அழைப்புகளைத் தடம் பார்க்கும் எஃப்ட்ரேஸ் வைப்பது அதைத்தான். அதில் நடுவில் நிற்க இடமே இல்லை.

அடுத்தது ஜம்ப், ஓட்டத்தை வேறிடத்துக்குத் தாவ வைக்கும் கட்டளை. குட்டை வடிவம் 2 பைட். பின்னால் 128, முன்னால் 127 பைட் வரைதான் எட்டும். எட்டவில்லையே என்று அதே இடத்தில் 5 பைட் நீள ஜம்ப்பை எழுதினால், அடுத்த கட்டளையில் 3 பைட் காலி. அடுத்தவன் நிரையில் புகுந்து பால்மரம் வெட்டுகிற கதைதான்.

தூரத்தையும் பேட்ச் தொடங்கும் இடத்திலிருந்து எண்ணக் கூடாது, கட்டளை முடியும் இடத்திலிருந்து எண்ண வேண்டும். 1000-இல் 5 பைட் ஜம்ப், போகவேண்டியது 1200 என்றால் எழுதவேண்டியது 195. நானே இதில் ஓர் இரவைத் தொலைத்திருக்கிறேன்.

பதிவகத்தை (சிப்புக்குள் இருக்கும் சிறு நினைவிடம்) சுழியமாக்க 5 பைட் மூவுக்குப் பதில் 2 பைட் எக்ஸார் போட்டு இடம் மிச்சம் பிடிப்பார்கள். எக்ஸார் ஃபிளாக்குகளை (முந்தைய கணக்கின் முடிவைக் காட்டும் குறிகள்) மாற்றிவிடும், மூவ் தொடாது. பின்னால் அந்தக் குறிகளைப் பார்த்துத் தாவும் நிபந்தனை ஜம்ப் இருந்தால் வழியே மாறிப்போகும்.

அப்புறம், ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலில் ஐந்து பைட்டையும் ஒரேயடியாக எழுதாதீர்கள். இன்னொரு கோர் (சிபியுவுக்குள் தனியாகக் கட்டளை ஓட்டும் பிரிவு) பாதியை வாசித்துவிடும். லினக்ஸ் முதல் பைட்டில் பிரேக்பாயின்ட் (ஓட்டத்தை நிறுத்திப் பிடிக்கும் கட்டளை) வைக்கும், மற்ற நான்கையும் எழுதும், முதல் பைட்டைக் கடைசியில் மாற்றும். ஒவ்வொரு படிக்கும் நடுவே எல்லா கோர்களையும் ஒத்திசைக்கும்.

மறுநாள் காலை பசியாறும் கடையில் அந்தப் பையனைப் பார்த்தேன். "ராத்திரி பூரா ஓடுச்சுண்ணே, நிக்கவே இல்ல."

"எத்தனை கோர் கொடுத்தே?"

"ஒண்ணு."

"சரி, சாப்பிட்டுட்டு நாலு கொடுத்துப் பாரு."