கறுப்பு வெள்ளை விமானப் படத்தில் நிறம் கண்டுபிடிப்பது எப்படி?

இரண்டாம் உலகப்போர் படம் ஒன்றில் இறக்கை நுனி கருஞ்சாம்பலாகத் தெரிகிறது. மாதிரி விமானத்துக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும். அது என்ன நிறம் என்று படம் சொல்லாது. எந்த நிறமாக இருக்க முடியாது என்பதைச் சொல்லும். பழகுவதற்கு 1940, 41-ஆம் ஆண்டு ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் என்ற பிரிட்டிஷ் போர்விமானங்களின் படங்களே நல்லவை. நிறம் தெரிந்த குறிகள் விமானத்தின் மேலேயே இருக்கும்.

படி 1: நல்ல பிரதி எடுங்கள்
நெகட்டிவ் அல்லது மூலப் பிரிண்டின் 16 பிட் ஸ்கேன் சிறந்தது. பத்திரிகையில் அச்சானதை அளக்காதீர்கள்; அச்சுப் புள்ளிகள் சாம்பலை மாற்றிவிடும். ஆட்டோ கான்ட்ராஸ்ட் பக்கமே போகாதீர்கள். எழுத்துகள் இடவலம் மாறியிருந்தால் நெகட்டிவைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.

படி 2: பிலிமை அடையாளம் காணுங்கள்
முக்கால்வாசிப் பிழை இங்கேதான். ஆர்த்தோகுரோமேடிக் பிலிமுக்கு (அக்கால கோடக் வெரிக்ரோம் போன்றவை) சிவப்பு தெரியாது. சிவப்பு கறுப்பாகும், மஞ்சள் இருளும், நீலம் வெளிறும். பான்குரோமேடிக் (சுருக்கமாக பான்) பிலிம் எல்லா நிறத்தையும் பார்க்கும். அதில் மஞ்சள் வெளிர், சிவப்பும் நீலமும் ஏறக்குறைய ஒரே அடர்த்தி.

சோதிக்க, இந்த பிரிட்டிஷ் விமானங்களின் உடற்பகுதியிலுள்ள வட்டக்குறி போதும். வெளியிலிருந்து உள்ளே மஞ்சள், நீலம், வெள்ளை, சிவப்பு. நடுப்புள்ளி கறுப்பாகவும் நீல வளையம் வெளிறியும் இருந்தால் ஆர்த்தோ. மஞ்சளை மட்டும் நம்பாதீர்கள்: லென்ஸில் மஞ்சள் ஃபில்டர் இருந்தால் ஆர்த்தோவிலும் மஞ்சள் வெளுக்கும், நீலம் இருளும். சிவப்பு அப்போதும் கறுப்புதான். வானம் அடர்ந்து மேகம் துலக்கமாக நின்றால் ஃபில்டரைச் சந்தேகியுங்கள்.

படி 3: அளவெடுங்கள்
ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளின் கலர் பிக்கரில் சாம்பிள் ஆவரேஜைப் போட்டு, ஒவ்வொரு நிறப்பரப்பிலும் ஐந்து இடங்களில் 0–255 மதிப்பைக் குறியுங்கள். எல்லா இடங்களும் ஒரே திசை பார்த்த, ஒரே வெளிச்சம் விழும் பரப்பில் இருக்கட்டும். நிழல், பளபளப்பு, எக்ஸாஸ்ட் கறை விழுந்த இடம் வேண்டாம்.

படி 4: ஒத்திகை பாருங்கள்
சந்தேகப்படும் நிறங்களை அட்டையில் பூசி, சீரான பகல் வெளிச்சத்தில் டிஜிட்டல் படம் எடுங்கள். ஜிம்ப்பின் சேனல் மிக்சரில் மோனோக்ரோம் வைத்து, ஆர்த்தோவுக்குச் சிவப்பு 0, பச்சை 50, நீலம் 50 சதவீதம். பானுக்கு 30, 35, 35. இது தோராயம்தான். ஆகவே எண்களை ஒப்பிடாமல், வெளிரிலிருந்து அடர்த்தி வரையான வரிசையை மட்டும் ஒப்பிடுங்கள்.

படி 5: தேதியோடு பொருத்துங்கள்
பிரிட்டிஷ் பகல்நேரப் போர்விமானங்களின் மேற்பரப்பு 1941 ஆகஸ்ட் வரை கரும்பச்சையும் மண்பழுப்பும்; பிறகு பழுப்பின் இடத்தில் ஓஷன் கிரே என்ற சாம்பல். ஆர்த்தோவில் பழுப்பு இருண்டு பச்சையோடு கலந்துவிடும். உடனே 'ஒரே நிறம் பூசிய விமானம்' என்று முடிவு கட்டாதீர்கள். 1941 ஆர்த்தோ படத்தில் மூக்குக்கூம்பு (புரொப்பெல்லரின் நடுக்கூம்பு) கறுத்திருந்தால் கறுப்பு, சிவப்பு, மஞ்சள் மூன்றுக்கும் வாய்ப்புண்டு. 'ஸ்கை' என்ற வெளிர்பச்சை நிறத்தை மட்டும் தள்ளிவிடலாம். 1940-இன் ஜெர்மன் போர்விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 109-இன் மஞ்சள் மூக்குகளையும் இப்படித்தான் சிவப்பு என்று தவறாக நினைக்கிறார்கள்.

ஜப்பானிய விமானங்களின் சிவப்பு வட்டக் குறியோடு குழம்பாதிருக்க, இந்தியா, இலங்கை, பர்மா பக்கம் பறந்த பிரிட்டிஷ் விமானங்களில் நடுச்சிவப்பை நீக்கினார்கள். அங்கே நடுவட்டம் வெள்ளையா வெளிர்நீலமா என்பதை ஆர்த்தோ படம் பிரித்துக் காட்டாது. பான் படம் கிடைக்கும்வரை பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள்.