‘ஏன் ஃபைனான்ஸ்?’ என்று இன்டர்வியூவில் கேட்டால்: பதிலைத் தயார் செய்யும் முறை

சென்னையில் பி.காம் முடித்து ஃபைனான்ஸ் வேலைக்குப் போகிறவர்களிடம் இந்தக் கேள்வி வந்தே தீரும். “சின்ன வயசிலிருந்தே எனக்கு நம்பர்ஸ் பிடிக்கும் சார்” என்பதுதான் வழக்கமான பதில். எதிரே இருப்பவர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். அவர் நினைவில் நிற்கிற மாதிரி பதில் சொல்ல இப்படித் தயாராகலாம்.

படி 1: கண்ணால் பார்த்த ஒரு பண விஷயம்

வீட்டில் போட்ட சீட்டு, அடகு வைத்த நகை, அண்ணன் கட்டும் பைக் இ.எம்.ஐ. என எதுவானாலும் சரி. குடும்பக் கஷ்டத்தைச் சொல்லி உருக வைக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

படி 2: அதற்குக் கணக்குப் போடுங்கள்

பலர் தவறவிடுவது இங்கேதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன். கோயம்பேட்டில் காய்கறிக் கடை வைத்திருக்கும் மாமா ஒருவர் தண்டல் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பேச்சு 10,000 ரூபாய். கைக்கு வருவது 8,500. நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 8,500-க்கு 1,500 என்றால் வட்டி சுமார் 17.6 சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் அது வெறும் 100 நாளுக்கு. அதிலும் அசல் தினமும் குறைந்துகொண்டே வருகிறது. எக்செல்லின் ரேட் ஃபார்முலாவில் தவணைகள் 100, தவணைத் தொகை மைனஸ் 100, கைக்கு வந்தது 8,500 என்று கொடுத்துப் பாருங்கள். நாளுக்குச் சுமார் 0.33 சதவீதம் வரும். அதை 365 நாளால் பெருக்கினால் ஆண்டுக்கு ஏறக்குறைய 120 சதவீதம்!

இப்போது பதில் தானாக வரும்: “இவ்வளவு வட்டி கட்டுவதற்கு பேங்குக்குப் போகலாமே என்று மாமாவிடம் கேட்டேன். ஐ.டி. ரிட்டர்ன் கிடையாது, சரக்கெடுக்க விடியற்காலையில் பணம் வேண்டும் என்றார். இப்படிப்பட்டவருக்கு எதை நம்பிக் கடன் கொடுப்பது என்று யோசித்ததில்தான் கிரெடிட் வேலையில் ஆர்வம் வந்தது.”

இது மாதிரிக்குத்தான். இல்லாத மாமாவைக் கடன் வாங்காதீர்கள். இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

படி 3: வேலைக்கேற்பத் திருப்புங்கள்

லாரிக் கடனில் பேர்போன ஊர் இது. சுந்தரம் ஃபைனான்ஸ் 1954-இல் இங்கே தொடங்கியது. 1974-இல் சீட்டு நிறுவனமாக ஆரம்பித்த ஸ்ரீராம், பிறகு பழைய லாரிகளுக்குக் கடன் கொடுத்து வளர்ந்தது. இந்த மாதிரி இடங்களில் தண்டல் கணக்கு நன்றாக எடுபடும்.

ஓ.எம்.ஆர். பக்கம் ஃபண்ட் அக்கவுண்டிங் (முதலீட்டு ஃபண்டுகளுக்குக் கணக்கு எழுதும்) வேலை என்றால் அதே கதை ஒட்டாது. அங்கே கேட்பது கணக்கு டேலி ஆகும்வரை விடாத குணம். கல்லூரி விழாச் செலவில் இடித்த நாற்பது ரூபாயைத் தேடிப் பிடித்தீர்களா? அதைச் சொல்லுங்கள். ஷிஃப்ட் பற்றியும் கேட்பார்கள், வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டுப் போங்கள்.

இன்ஜினியரிங் முடித்து பேங்க் பி.ஓ. இன்டர்வியூவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: “வீட்டில் சேர்த்துவிட்டார்கள்” என்று அப்பா, அம்மா மேல் பழி போடாதீர்கள். கடன் கேட்டு வரும் சிறுதொழில் பட்டறையின் மெஷினைப் பற்றி நாலு கேள்வி கேட்க உங்களால் முடியும். அது உங்கள் பலம்.

படி 4: ஆண்டறிக்கையைப் புரட்டுங்கள்

பங்குச் சந்தையில் உள்ள நிறுவனம் என்றால் அதன் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். முழுவதும் படிக்க வேண்டியதில்லை. வாராக்கடன் விகிதம் போன வருடத்தைவிடக் கூடியதா குறைந்ததா என்று மட்டும் பாருங்கள். தவணை 90 நாளுக்கு மேல் நின்றுபோனால் வாராக்கடன் என்கிற பொது விதியும் தெரிந்திருக்கட்டும்.

படி 5: வாய்விட்டுச் சொல்லுங்கள்

மொபைலில் பதிவு செய்து கேளுங்கள். ஒன்றரை நிமிடத்துக்கு மேல் போனால் வெட்டுங்கள்; மாமா கதையைக் குறைக்கலாம், கணக்கைக் குறைக்காதீர்கள். “அப்போ சம்பளம் முக்கியமில்லையா?” என்று சிரித்துக்கொண்டே மடக்குவார்கள். “முக்கியம்தான் சார்” என்று சொல்லிவிட்டு, அந்த வேலையில் முதல் வருடம் எதைக் கற்றுக்கொள்ள நினைக்கிறீர்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.