பழைய சைக்கிள், பழைய கார் வச்சு ஷூட்டிங் எடுக்கப் போறீங்களோ? திருகோணமலைப் பக்கம் எடுக்கிற ஆக்களுக்கு

திருகோணமலையில பழைய காலத்துக் கதை எடுக்கிறதெண்டா இடத்துக்குக் குறைவில்லை. பிரெட்ரிக் கோட்டை வாசல், டச் பே, உள்துறைமுகப் பக்கம் போற றோட், சீனன்குடாப் பக்கம் பழைய எண்ணெய்த் தாங்கிகள் எண்டு கமராவைத் திருப்பின பக்கமெல்லாம் ஏதோ ஒரு காலம் நிக்கும் (கோட்டைக்குள்ள ஆமி இருக்கு, அனுமதியை முதலே எழுத்தில எடுத்து வையுங்கோ). வண்டிதான் கஷ்டம். யுத்தத்தில எரிஞ்சது, இடம்பெயரேக்க விட்டிட்டுப் போனது, சுனாமி கொண்டுபோனது எண்டு போனது போக மிஞ்சினதுதான் இப்ப ஆராவது திருத்தி வச்சிருக்கிற வண்டி. அதாலதான் சொல்லுறன், படத்துக்கு வடிவா இருக்கவும் வேணும், படம் முடிஞ்ச பிறகு வண்டி வந்த மாதிரியே வீட்டுக்குப் போகவும் வேணும், ரெண்டும் சேர்ந்ததுதான் வேலை.

வண்டி தேட முதல் கதை நடக்கிற வருஷத்தை முடிவெடுங்கோ. "பழைய காலம்" எண்டு பொதுவாச் சொல்லிக்கொண்டு போனா ஆரும் ஒரு மொறிஸ் மைனரைக் கொண்டு வந்து நிப்பாட்டுவினம். 1942 ஏப்ரல் 9 யப்பான்காரன் திருகோணமலையில குண்டு போட்ட நாளை எடுக்கிறீங்களெண்டா அந்தக் கார் அங்க நிக்கவே ஏலாது, இப்ப எல்லாருக்கும் தெரிஞ்ச மொறிஸ் மைனர் வந்ததே 1948ல. அதுக்கு மொறிஸ் எய்ற், ஒஸ்ரின் செவன், பழைய ஹில்மன் மின்க்ஸ் மாதிரி ஒண்டு தேட வேணும், கிடைக்கேல்லையெண்டா கார் இல்லாமல் சைக்கிளோட சீனை எடுங்கோ, பிழையான காரை விட அது எவ்வளவோ மேல். 1950கள் எண்டா மைனர் சரி, ஆனா கண்ணாடியைப் பாருங்கோ, முன்கண்ணாடி நடுவில கம்பி வச்சு ரெண்டாப் பிரிஞ்சிருந்தா 1956க்கு முந்தினது, ஒரே கண்ணாடியா வளைஞ்சிருந்தா அதுக்குப் பிந்தின மைனர் 1000. பக்கத்தில கை மாதிரி வெளிய நீட்டுற பழைய சிக்னல் 1961 வரைக்கும் இருந்தது, பிறகுதான் மினுங்குற லைற். ஒஸ்ரின் ஏ40 சோமர்செற் 1952இல இருந்து 1954 வரைக்கும்தான் செய்தது, எண்டாலும் எங்கட ஆக்கள் அதுக்குப் பிறகு எத்தினையோ வருஷம் ஓடினவை, அதால 70கள், 80கள் கதைக்கும் தாராளமா வைக்கலாம். கதையின்ர வருஷத்துக்குப் பிந்தின வண்டிதான் பிழை, முந்தினது பிழையில்லை.

அடுத்தது நம்பர் பிளேற். கனபேர் இதில கோட்டை விடுகினம். சுதந்திரம் கிடைச்ச நேரத்துக் கார்களில இங்கிலீஷ் எழுத்துதான் இருந்தது. பிறகு 50கள் கடைசியில சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது, அதை எதிர்த்துத் தமிழ்ப் பகுதிகள்ல தார் பூசித் தமிழ் ஸ்ரீ எழுதின போராட்டம் 1958இல நடந்தது, அந்தக் காலக் கதையில ஒரு காரின்ர பிளேற் மட்டுமே முழு அரசியலையும் சொல்லிப்போடும், ஆரும் வசனம் பேசத் தேவையில்லை. உண்மையான பிளேற்றைக் கழற்றாதேங்கோ, மெல்லிய தகட்டில எழுதி அதுக்கு மேல வச்சுக் கட்டுங்கோ, பொது றோட்டில கார் ஓடிவரேக்க அந்தத் தகட்டைக் கழற்றிப்போட்டு ஷொட்டுக்கு மட்டும் மாட்டுங்கோ, பொலிசுக்கும் முதலே சொல்லி வையுங்கோ. முன்கண்ணாடியில ஒட்டியிருக்கிற இந்த வருஷத்து வரிப்பத்திரம், இன்சூரன்ஸ் துண்டு ரெண்டையும் கமரா பிடிக்கும், சொந்தக்காரரிட்டக் கேட்டு ஷொட் முடியும் வரைக்கும் மறைச்சு விடுங்கோ.

சைக்கிள் சின்னச் சாமான் எண்டு நினைக்காதேங்கோ, மனிசன் பக்கத்தில நிக்கேக்க குளோசப்பில வாறது அதுதான். ராலியின்ர பெரிய பல்லுச் சில்லைக் கிட்டப் பாத்தா கொக்குத் தலை வெட்டியிருக்கும், ஹம்பர் சைக்கிளில ஐஞ்சு மனிசர் வட்டமா நிப்பினம், முன் போர்க்கும் ரெட்டைக் கம்பியா இருக்கும். எங்கட ஆக்களில வயசானவை இதைத் தூரத்தில பாத்தே பேர் சொல்லுவினம், நீங்கள் ராலி எண்டு வசனம் எழுதிப்போட்டு வேற சைக்கிளை வச்சா பிடிச்சுப் போடுவினம். 28 இஞ்சிச் சில்லு, கம்பி இழுத்துப் பிடிக்கிற பிறேக், தோல் சீட், செயினை மூடின முழுக் கவர், பின் கரியர், டைனமோ இவ்வளவும் இருந்தா முக்கால்வாசி வேலை முடிஞ்சுது. பின் சில்லின்ர நடுக்குடத்துக்குள்ள மூண்டு கியர் வாற ஸ்ரேர்மி ஆர்ச்சர் ஹப் உள்ள சைக்கிளெண்டா ஹப்பில வருஷம் குத்தியிருக்கும், துடைச்சுப் பாருங்கோ. பிறகு களைய வேண்டியதைக் களையுங்கோ, பிளாஸ்ரிக் பெடல், கலர் எழுத்துப் போட்ட ரயர், புது ரிஃப்ளெக்டர், கேபிள் பூட்டு. 28க்கு 1½ கறுப்பு ரயர் இப்பவும் வாங்கலாம். 90கள் கதையெண்டா டைனமோவைக் கழற்றவே வேண்டாம், கரண்ட் இல்லாத காலத்தில சைக்கிளைக் கவிழ்த்து வச்சு பெடலைச் சுத்தி றேடியோ கேட்ட சனம் நாங்கள்.

வண்டி வச்சிருக்கிறவை அனேகமா வயசு போன ஆக்கள். போன் எடுத்து வாடகை எவ்வளவு எண்டு தொடங்காமல் நேரில போய் "ஐயா, காரை ஒருக்காப் பாக்கலாமோ" எண்டு கேளுங்கோ, அவர் போனெற்றைத் திறந்து கதை சொல்லுவார், கேளுங்கோ, உங்களுக்கு வேண்டிய தகவல் பாதி அதில வரும். பிறகு எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்து வைக்க வேணும்: எத்தினை மணித்தியாலம், சும்மா நிக்கிற நேரத்துக்கும் காசு, உடைஞ்சா ஆர் பொறுப்பு, துளை போடுறதில்லை, பெயின்ற்றில ரேப் ஒட்டுறதில்லை. அந்த ரேப் விஷயத்தை விளையாட்டா எடுக்காதேங்கோ, பழைய பெயின்ற்றில இருந்து இழுக்கேக்க தோலோட வரும், உறிஞ்சிப் பிடிக்கிற கமரா மவுண்டும் அப்பிடித்தான், அடியில துணி போட்டுக் கயிறால கட்டுங்கோ.

திருத்தி வச்ச கார் ஷோறூமில இருந்து இறங்கின மாதிரி மினுங்கும், கதையில அது ஒரு ஏழை வாத்தியாரின்ர காரெண்டா கமராவில பொய்யாத் தெரியும். அழுக்காக்குங்கோ, ஆனா தண்ணியில கழுவினா போற அழுக்கு மட்டும். முல்தானி மட்டியைத் துணிப்பொட்டலத்தில கட்டி மேல தட்டினா தூசி படிஞ்ச மாதிரி வரும், மட்காட் விளிம்புக்கும் சில்லுக்கும் தண்ணியில கரையிற பிறவுண் போஸ்ரர் பெயின்ற்றைப் பஞ்சால ஒத்தி விடுங்கோ. முதல் ஆருக்கும் தெரியாத ஒரு மூலையில பூசிக் கழுவிப் பாருங்கோ. காலும் கையும் படுற இடம்தான் உண்மையில தேயும், கதவுப்பிடி, பெடல், கரியர் விளிம்பு, அங்க கூடப் பூசுங்கோ, எல்லா இடமும் ஒரே அளவு பூசினா மேக்கப் எண்டு தெரிஞ்சு போகும். கடற்கரை மணலைத் தயவு செய்து போடாதேங்கோ, அதில உப்பு இருக்கு, பெயின்ற்றையும் கீறும். குறோம் பம்பரில ஷூட்டிங் ஆக்கள் முழுக்கத் தெரிஞ்சா கறுப்புத் துணி பிடிச்சு, கமராவின்ர கோணத்தையும் கொஞ்சம் மாத்துங்கோ.

ஓடுற சீனுக்கு முதல் பிறேக்கைப் பாருங்கோ. மைனர், சோமர்செற் மாதிரிக் கார்களுக்கு நாலு சில்லுக்கும் ஒரே பிறேக் லைன்தான், ஒரு இடத்தில ஒயில் போனா முழுக்கப் போச்சு, அதால நிக்கிற நேரமெல்லாம் சில்லுக்குக் கட்டை வையுங்கோ, ஓர்ஸ்ஹில் பக்கத்து ஏத்தத்தில இரட்டிப்புக் கவனம். மைனரில பற்றறியின்ர பொசிற்றிவ் பக்கம்தான் காரின்ர இரும்புப் பொடியோட இணைஞ்சிருக்கும், லைற் டிப்பாட்மென்ற் தம்பியவை தெரியாமல் எல்.ஈ.டி.யையோ சார்ஜரையோ கொழுவினா எரிஞ்சு போகும், வயரைத் தொட முதல் சொந்தக்காரரைக் கேக்கச் சொல்லுங்கோ. முதல் கியருக்குச் சிங்க்ரோமெஷ் (கியர்ப் பல்லுகளை ஒரே வேகத்துக்குக் கொண்டுவாற சாமான்) இல்லை, கார் உருளேக்க போட்டா பல்லு அரைக்கும், நடிகருக்கு ஒரு பின்னேரம் வெறும் வளவில பழக்குங்கோ, தூர ஷொட்டுக்குச் சொந்தக்காரருக்கே உடுப்பைப் போட்டு ஓட விடுங்கோ. மெதுவா உருண்டாப் போதுமெண்டா எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு நாலு பேர் பின்னால தள்ளுறது நல்லது, வெயிலில கனநேரம் ஐடிலில விட்டா பெற்றோல் லைனில ஆவி கட்டி நிண்டுபோகும். எஞ்சின் சத்தம், கதவு சாத்துற சத்தம், சைக்கிள் பெல், பிறீவீல் சத்தம் எல்லாம் ஆக்கள் அடங்கின நேரத்தில தனிய றெக்கோட் பண்ணி வையுங்கோ.

உப்புவெளியிலயோ டச் பேயிலயோ எடுத்தா அண்டைக்கே கழுவ வேணும், வாடைக்காத்து வீசுற மாதங்களில கரையில சும்மா நிண்டாலே உப்புத்தூறல் படியும். நல்ல தண்ணியால, கீழ்ப்பக்கத்தையும் மட்காட்டுக்குள்ளயும் கனக்க ஊத்திக் கழுவுங்கோ, ஈரம் துடைச்சு, சைக்கிள் செயினுக்கும் பிறேக் கம்பி மூட்டுகளுக்கும் ஒயில் விட்டு, காரின்ர கதவுகளைத் திறந்து காத்தாட விடுங்கோ. வரேக்க எடுத்த போட்டோக்களோட ஒப்பிட்டு, சொந்தக்காரரையும் பக்கத்தில வச்சுச் சுத்திப் பாத்து, மிச்சக் காசையும் அந்த இடத்திலயே குடுத்து அனுப்புங்கோ.