வெளிவிவகார அமைச்சரிடம் பாராளுமன்றக் கேள்வி: வரைவது எப்படி?

இலங்கைப் பாராளுமன்றத்தில் கேள்வியைக் கொடுப்பவர் பாராளுமன்ற உறுப்பினர்தான். ஆனால் வரைவை நீங்களே எழுதிக் கொடுத்தால் அவருக்கு வேலை பாதியாகக் குறையும்.

முதலில் அமைச்சைச் சரியாகப் பிடியுங்கள். வெளிநாட்டுச் சிறையிலுள்ளவரைத் தூதரகம் பார்த்ததா என்பது வெளிவிவகார அமைச்சருக்கு உரியது. வெளிநாட்டு வேலைக்கு ஆட்களை அனுப்பும் முகவர் நிலையத்தின் அனுமதிப்பத்திரம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் பொறுப்பு. இவ்விரு துறைகளும் வெவ்வேறு அமைச்சர்களிடம் இருக்கும்போது இரண்டையும் கலந்தால் "எனது அமைச்சுக்கு உரியதல்ல" என்ற பதிலோடு மாதங்கள் வீணாகும். வீட்டில் ஒரு குடும்பம் காத்திருக்கிறது என்பதை மறக்கக்கூடாது.

வடிவம் இப்படி: "(அ) (i) 2023ஆம் ஆண்டில் இன்ன நாட்டில் தடுத்துவைக்கப்பட்ட இலங்கையர் எத்தனை பேர் என்பதையும், (ii) அவர்களுள் தூதரக அதிகாரிகள் நேரில் சந்தித்தோர் எத்தனை பேர் என்பதையும் அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா? (ஆ) இன்றேல், ஏன்?"

ஆண்டு, நாடு, எண்ணிக்கை: இந்த மூன்றும் இல்லாத கேள்விக்கு "நடவடிக்கை எடுக்கப்படுகிறது" என்றே பதில் வரும். "அரசு அக்கறையின்றி இருப்பது ஏன்?" என்று எழுதாதீர்கள், அது கருத்து, கேள்வியல்ல. நீதிமன்றத்தில் உள்ள வழக்கின் உள்ளடக்கத்தையும் தொடாதீர்கள்.

அமைச்சரின் பதிலுக்குப் பின் உறுப்பினர் கேட்கும் மேலதிகக் கேள்விகளை முன்கூட்டியே எழுதி அவரிடம் கொடுங்கள். வாசிக்க நேரமில்லை என்று அமைச்சர் பதிலை எழுத்தில் சபாபீடத்தில் (சபையின் மேசையில்) வைத்துவிட்டால், பாராளுமன்ற நடவடிக்கைகளின் அதிகாரபூர்வப் பதிவான ஹன்சார்ட்டில் தேடி எடுங்கள். அதிலும் எண்கள் இல்லையெனில், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதே கேள்வியை அமைச்சின் தகவல் அலுவலரிடம் கேளுங்கள்.