இதயத்துக்காக நடக்கத் தொடங்குபவர்களுக்கு: வேகத்தைச் சரியாக அமைத்துக்கொள்வது எப்படி?

என் தந்தைக்கு இதய இரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி செய்து, குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழல் வைத்த பிறகு, தினமும் நடக்கும்படி மருத்துவர் அறிவுறுத்தினார். எவ்வளவு நேரம் என்பது உடனே விளங்கியது. எவ்வளவு வேகம் என்பதுதான் விளங்கவில்லை. அவருடன் நடந்து பார்த்துப் புரிந்துகொண்ட முறையை இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: மருத்துவரின் ஒப்புதல்

இதய நோய், சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம் ஆகியவற்றில் ஏதேனும் உள்ளவர்களும், மாடிப்படி ஏறும்போது நெஞ்சில் இறுக்கத்தை உணர்ந்தவர்களும் மருத்துவரைப் பார்த்த பிறகே தொடங்க வேண்டும். நடைப்பொறியில் நடக்கவைத்து இதயத்தைக் கண்காணிக்கும் டிரெட்மில் பரிசோதனை தேவையா என்பதை அவர் முடிவு செய்வார்.

இரண்டாம் படி: நேரம்

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல். முதல் வாரத்திலேயே அந்த அளவை எட்ட வேண்டியதில்லை. பத்து நிமிடத்தில் தொடங்கி, முதலில் நேரத்தைக் கூட்டுங்கள். வேகத்தை அதன் பிறகு கூட்டலாம். எடுத்த எடுப்பில் வேகமாக நடக்காமல், முதல் ஐந்து நிமிடங்களை மெதுவாகவே நடந்து உடலைத் தயார்செய்துகொள்ள வேண்டும்.

மூன்றாம் படி: வேகம்

எங்களை அதிகம் திணறடித்தது இந்தப் படிதான். 220இலிருந்து வயதைக் கழித்தால் அதிகபட்ச நாடித்துடிப்பு தோராயமாகக் கிடைக்கும்; அதில் 50 முதல் 70 சதவீதம் வரை மிதமான பயிற்சிக்கு உரியது. 60 வயதுடையவருக்கு அது நிமிடத்துக்கு 80 முதல் 112 வரை. மணிக்கட்டில் கட்டைவிரலுக்குக் கீழே உள்ள பள்ளத்தில் ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்து, 15 விநாடிகள் எண்ணி நான்கால் பெருக்கினால் துடிப்பின் அளவு தெரிந்துவிடும். கட்டைவிரலுக்கே துடிப்பு உண்டு என்பதால் அதை வைத்துப் பார்க்கக் கூடாது.

ஆனால் மெட்டோபிரோலால், பிசோபிரோலால், அட்டினலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரைகளை உட்கொள்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. இதயத்துடிப்பு மிகாமல் பார்த்துக்கொள்வதே அந்த மாத்திரைகளின் வேலை. என் தந்தைக்கு நன்றாக வியர்த்து, மூச்சு வேகமாக வாங்கியபோதும் எண் ஏறவில்லை. அந்த எண்ணை எட்டியே தீர வேண்டும் என்று வேகத்தைக் கூட்டுவது மிகவும் ஆபத்தானது. மாத்திரையைத் தாமாக நிறுத்துவது அதைவிட ஆபத்தானது.

இவர்களுக்குப் பேச்சுச் சோதனையே நம்பகமான வழி. நடந்துகொண்டே உங்கள் வீட்டு முகவரியைக் கதவிலக்கத்திலிருந்து பின்கோடு வரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தடையின்றிச் சொல்ல முடிந்து, ஆனால் ஒரு பாட்டைப் பாட மூச்சு போதவில்லை என்றால் வேகம் சரியாக இருக்கிறது. தெருப்பெயரைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். இதயநோய் உள்ளவர்கள் தங்களுக்கான துடிப்பு எல்லையையும் மருத்துவரிடமே கேட்டுப் பெறுவது நல்லது.

ஸ்மார்ட் வாட்ச்சைவிட விநாடி முள் உள்ள சாதாரணக் கைக்கடிகாரத்தையே நான் விரும்புகிறேன். பட்டை தளர்ந்திருந்தால் ஸ்மார்ட் வாட்ச் தவறான எண்ணைக் காட்டக்கூடும். வீட்டில் இரத்த அழுத்தம் பார்க்க, மணிக்கட்டில் கட்டும் கருவியைவிட மேற்கையில் கட்டும் கருவியே மேல்.

நான்காம் படி: நிறுத்தும் முறை

வேகமாக நடந்து முடித்தவுடன் பூங்காவின் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவது பலருடைய வழக்கம். நடக்கும்போது கால் தசைகள் சுருங்கிச் சுருங்கி இரத்தத்தை மேல்நோக்கி இதயத்துக்கு அனுப்புகின்றன. சட்டென்று நின்றால் இரத்தம் கால்களில் தங்கி, அழுத்தம் குறைந்து, தலைசுற்றல் வரலாம். ஆகவே கடைசி ஐந்து முதல் பத்து நிமிடங்கள் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்த பிறகே உட்கார வேண்டும்.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

நெஞ்சில் பாரம் அல்லது இறுக்கம், இடக்கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மயக்கம் ஆகியவை தோன்றினால் அந்த இடத்திலேயே நின்று உட்கார்ந்துவிட வேண்டும். நம்மவர்கள் இதை வாயுப் பிடிப்பு என்று எண்ணி, சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்துக்கொண்டு பொன்னான நேரத்தைப் போக்கிவிடுகிறார்கள். ஓய்வெடுத்தும் குறையாவிட்டால் உடனே 108ஐ அழையுங்கள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலி இல்லாமலே, மூச்சுத்திணறலாகவோ வழக்கத்துக்கு மாறான அயர்ச்சியாகவோ மட்டும் மாரடைப்பு வரலாம் என்பதை வீட்டில் உள்ள அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.

பின்சேர்க்கை

வாசகர்கள் சிலர் கேட்டதால் இவற்றையும் சேர்க்கிறேன். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும் கிளிமெபிரைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரை உட்கொள்பவர்களும் வெறும் வயிற்றில் நடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம்; சட்டைப்பையில் குளுக்கோஸோ சர்க்கரையோ கட்டாயம் இருக்கட்டும். எடை தூக்குபவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கக் கூடாது. அப்போது இரத்த அழுத்தம் திடீரென்று எகிறும். காய்ச்சல் இருக்கும்போது நடைப்பயிற்சி வேண்டாம். அது முழுமையாகக் குணமான பிறகு, பழைய வேகத்தில் அல்லாமல் பத்து நிமிட மெதுநடையிலிருந்தே மீண்டும் தொடங்குங்கள்.