இள வயது, மாடிஃபை செய்த கார்: இன்சூரன்ஸைக் கைக்கு அடக்கமாக வைத்துக்கொள்வது எப்படி

என் முதல் கார் செகண்ட் ஹேண்ட், வாங்கும்போது எனக்கு வயது 21. ஏழாவது மாதம் மழை ஈரத்தில் வழுக்கி, ஒரு தடுப்புச் சுவரில் முன்பக்கத்தை இடித்துக்கொண்டேன். யாருக்கும் அடியில்லை. ஒர்க்‌ஷாப்புக்கு இன்சூரன்ஸ் கம்பெனி சார்பில் சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர் பம்பரைப் பார்த்தார், பானட்டைத் தூக்கிப் பார்த்தார், போட்டோ எடுத்தார், எல்லாம் சாதாரணமாகப் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முன்சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்தார். "தம்பி, இந்த ஸ்பிரிங் ஏன் சிவப்பா இருக்கு?"

எனக்கு அதுவரை தெரியாது. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் காரைத் தாழ்த்துவதற்காக, தொழிற்சாலையிலிருந்து காரோடு வந்த கம்பெனி ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு வேறு போட்டிருக்கிறார். கம்பெனி ஸ்பிரிங் பெரும்பாலும் கறுப்பாக இருக்கும், வெளியே விற்பவர்கள்தான் கண்ணைப் பறிக்கிற மாதிரி சிவப்பு, நீலம் என்று பெயின்ட் அடிப்பார்கள். பாலிசிப் படிவத்தில் 'காரில் மாற்றங்கள் செய்யப்பட்டுள்ளதா' என்ற கேள்விக்கு நான் 'இல்லை' என்று போட்டிருந்தேன். கிளெய்மில் ஒரு பகுதிதான் கைக்கு வந்தது, மிச்சத்தை எட்டு மாதம் கட்டினேன்.

அதனால் சொல்கிறேன், பார்ட்டை வாங்கிவிட்டு இன்சூரன்ஸைப் பற்றி யோசிக்காதீர்கள். முதலில் பிரீமியம், பிறகு பார்ட். இந்த வரிசை ஒன்றைப் பிடித்துக்கொண்டாலே பாதிப் பணம் மிச்சம்.

ஏன் இவ்வளவு கேட்கிறார்கள் என்பதைப் புரிந்துகொண்டால் குறைப்பதும் எளிது. சில நாடுகளில் காரின் மதிப்பையும் இன்ஜின் அளவையும் வைத்தே பிரீமியம் போடுவார்கள். ஓட்டுபவரின் வயதையும் பார்க்கும் இடங்களில்தான் இளைஞர்களுக்கு அடி பலமாக விழும். அது சும்மா விழுவதும் இல்லை. ஓட்டும் ஒவ்வொரு மைலுக்கும் கணக்குப் பார்த்தால், 16 முதல் 19 வயதுக்காரர்கள் உயிர்ப்பலி விபத்தில் சிக்கும் விகிதம் 20 வயதுக்கு மேற்பட்டவர்களைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு என்பது அமெரிக்கக் கணக்கு. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் பெண் ஓட்டுநர் என்றால் பிரீமியம் குறையும். ஐரோப்பிய நீதிமன்றம் 2011இல் கொடுத்த தீர்ப்பால், 2012 டிசம்பர் 21 முதல் அங்கே ஆண் பெண் பார்த்து விலை போட முடியாது. வயதுக்கு அப்படி ஒரு விடுதலை அங்கே வரவில்லை.

இப்போது கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று. பிரீமியம் போடும்போது இந்தக் காரணங்களைப் பெரும்பாலும் கூட்டுவதில்லை, பெருக்குவார்கள். அனுபவசாலி ஒருவருக்கு 100 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வயதுக்கு இரண்டரை மடங்கு என்றால் 250. ஒரு மாடிஃபிகேஷனுக்கு 20 சதவீதம் ஏற்றினால் அந்த அனுபவசாலிக்கு 20தான் கூடும், உங்களுக்கு 50 கூடும், மொத்தம் 300. (எண்கள் விளக்கத்துக்குத்தான்.) "எங்க மாமா இதே வீல்தான் போட்டிருக்கார், ஒண்ணுமே ஏறலையே" என்று நண்பன் சொல்வதை நம்பி வாங்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். அவனுடைய மாமாவின் 20 உங்களுக்கு 50. ஆனால் இதே கணக்கு திருப்பியும் வேலை செய்யும்: இரண்டு மூன்று வருடம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டி முதல் பெருக்கலைக் குறைத்துவிட்டால், அதே பார்ட் அப்போது மலிவு. ஆசையைத் தள்ளிப்போட ஒரு நல்ல காரணம் வேண்டுமென்றால் இதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

சரி, எந்த மாற்றம் எவ்வளவு கடிக்கும்? இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஆனாலும் அவர்கள் யோசிக்கும் முறை ஒன்றுதான். இதனால் கார் வேகமாகுமா, திருடனைக் கூப்பிடுமா, ரிப்பேர் செலவு ஏறுமா, ஓட்டுபவர் எப்படிப்பட்டவர் என்று காட்டுமா? ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமைத் திருத்தி சக்தியைக் கூட்டுவது), டர்போ, பெரிய இன்ஜின் முதல் கேள்வியிலேயே மாட்டும், சில கம்பெனிகள் 'வேண்டாம், வேறு இடம் பாருங்கள்' என்றே சொல்லிவிடும். அலாய் வீலும் விலையுயர்ந்த ஸ்டீரியோவும் காரை வேகமாக்காது, ஆனால் திருட்டுக்கு இரை. பாடி கிட் (தோற்றத்தை மாற்ற வெளியே மாட்டும் பம்பர், பக்கத் தகடு மாதிரியானவை), ஸ்பாய்லர் ரிப்பேர் செலவில் வரும். சைலன்சர் மாற்றுவது இன்னொரு ரகம். கூடும் குதிரைத்திறன் சொற்பம், பிரீமியத்தில் கூடுவது அப்படி இல்லை, ஏனென்றால் கடைசிக் கேள்விக்கு அதுவே பதில் சொல்லிவிடுகிறது. என்னைக் கேட்டால், இள வயதில் காசுக்கு மிகக் குறைந்த பலன் தரும் மாற்றம் சைலன்சர்தான். சத்தம் பிடிக்கும் என்றால் உங்கள் இஷ்டம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. அலாரம், இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் இன்ஜினைக் கிளப்ப விடாதது), டிராக்கர், பார்க்கிங் சென்சார் மாதிரியானவற்றுக்குப் பெரும்பாலும் ஏறாது, திருட்டுத் தடுப்புக்குச் சில இடங்களில் கொஞ்சம் குறையும். இவற்றையும் சொல்லத்தான் வேண்டும். தொழிற்சாலையிலேயே ஆப்ஷனாகப் போட்டு வந்தது பொதுவாக மாடிஃபிகேஷனில் வராது, ஆனால் அதே பொருளை டீலர் ஷோரூமில் மாட்டிக் கொடுத்திருந்தால் வரலாம். சந்தேகமாக இருந்தால் கேட்டுவிடுங்கள், கேட்பதற்குக் காசில்லை.

கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஆன்லைன் படிவத்தில் இருக்கும் பட்டியலில் உங்கள் மாற்றம் சரியாக அமையாது. 'சஸ்பென்ஷன் மாற்றம்' என்று ஒரே பெட்டி இருக்கும், முப்பது மில்லிமீட்டர் தாழ்த்திய ஸ்பிரிங்கும் ரேஸ் ஓட்டுபவர் போடும் காயிலோவரும் (உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் அப்சார்பர் செட்) அதற்குள்ளேயே போகும். போனில் பேசுங்கள், அல்லது மாடிஃபை செய்த கார்களையே எடுக்கும் ஸ்பெஷலிஸ்ட் கம்பெனி, புரோக்கர் இருந்தால் அவர்களிடம் போங்கள். சாதாரணக் கம்பெனிக்கு உங்கள் கார் ஒரு தலைவலி, இவர்களுக்கு அதுவே தொழில். முதலில் ஸ்டாக் காருக்கு, அதாவது எந்த மாற்றமும் செய்யாத காருக்கு, ஒரு கோட்டேஷன் வாங்குங்கள். பிறகு ஒவ்வொரு மாற்றமாகச் சேர்த்து "இதை மட்டும் போட்டால் எவ்வளவு?" என்று கேளுங்கள். எல்லாவற்றையும் மொத்தமாகச் சொன்னால் எது விலையை ஏற்றுகிறது என்று கடைசிவரை தெரியாது. நான் ஒருமுறை நான்கு மாற்றங்களை இப்படிப் பிரித்துக் கேட்டேன். மூன்றுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே ஏறவில்லை, முழுப் பாரமும் ரீமேப் ஒன்றின் தலையில்தான். அதை விட்டுவிட்டேன், மற்ற மூன்றும் காரில் ஏறின.

அதே அழைப்பில் இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள், பலர் இதைத் தவறவிடுகிறார்கள்: மாற்றத்தை 'ஒத்துக்கொள்வது' வேறு, அதற்குக் 'கவர் கொடுப்பது' வேறு. சில பாலிசிகளில் உங்கள் அலாய் வீலைக் குறித்துக்கொள்வார்கள், பிரீமியமும் ஏற்றுவார்கள், ஆனால் விபத்தில் உடைந்தால் கம்பெனி வீலுக்கான பணம்தான் தருவார்கள். நீங்கள் போட்ட அதே பொருளுக்கு ஈடு கிடைக்குமா, கார் முழுசாகப் போனால் மாடிஃபை செய்த மதிப்புக்கா, சந்தை மதிப்புக்கா? பதிலை மெயிலில் எழுதி வாங்குங்கள். பில், மாட்டிய தேதி, போட்டோ எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள். கழற்றிய கம்பெனி பார்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். பிரீமியம் தாங்கவில்லை என்றால் திரும்ப மாட்டலாம், விற்கும்போதும் ஸ்டாக் கார்தான் சீக்கிரம் போகும்.

மாடிஃபிகேஷனைத் தாண்டி, பிரீமியத்தை இறக்க உண்மையாகவே உதவுபவை சில. முதலாவது, அடிப்படைக் கார். சின்ன இன்ஜின், எங்கும் கிடைக்கும் ஸ்பேர், திருடர்களுக்குப் பிடிக்காத மாடல். பிரிட்டனில் பல வருடம் கார்களை 1 முதல் 50 வரை இன்சூரன்ஸ் குரூப்பாகவே பிரித்து வைத்திருந்தார்கள், 2024இல் வேறொரு மதிப்பீட்டு முறைக்கு மாறத் தொடங்கினார்கள். இப்படி ஒரு பட்டியல் இருந்தால் வாங்கும் முன்பே பார்த்துக்கொள்ளலாம். தாழ்ந்த குரூப்பில் ஒரு காரை எடுத்துத் தோற்றத்தை மட்டும் மாற்றுவது, பெரிய இன்ஜின் காரை ஸ்டாக்காக ஓட்டுவதைவிடப் பல நேரம் மலிவாக முடியும்.

இரண்டாவது டெலிமேட்டிக்ஸ். ஒரு கறுப்புப் பெட்டியோ போன் ஆப்போ நீங்கள் எப்படிப் பிரேக் போடுகிறீர்கள், எந்த வேகம், எந்த நேரம், எவ்வளவு தூரம் என்று பார்த்து விலை போடும். நிதானமாக ஓட்டுபவராக இருந்தால் வயதுக்கான தண்டனையைக் குறைக்க இதைவிட நேரடி வழி இல்லை. ஆனால் நள்ளிரவில்தான் நண்பர்களோடு கிளம்புவீர்கள் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். மோசமான ஸ்கோர் வந்தால் பாலிசியையே ரத்து செய்யும் திட்டங்களும் உண்டு. போன் ஆப்பில் ஒரு வேடிக்கை: நண்பன் ஓட்டப் பக்கத்து சீட்டில் நீங்கள் உட்கார்ந்திருந்தாலும் அவன் போட்ட சடன் பிரேக் உங்கள் கணக்கில் ஏறக்கூடும், அப்படிப்பட்ட பயணங்களை ஆப்பில் போய் நீக்க வேண்டும்.

மூன்றாவது, அனுபவமுள்ள அப்பா, அம்மா, அக்கா யாராவது அந்தக் காரை நிஜமாகவே அவ்வப்போது ஓட்டுவார்கள் என்றால் கூடுதல் ஓட்டுநராகச் சேருங்கள், பல நேரம் குறையும். 'நிஜமாகவே' என்பதுதான் முக்கியம். நீங்கள் தினமும் ஓட்டும் காரை அப்பாதான் முக்கிய ஓட்டுநர் என்று எழுதுவது மோசடி. பிரிட்டனில் இதற்கு ஃபிரன்டிங் என்று பெயரே வைத்திருக்கிறார்கள், மாட்டினால் அப்பாவும் சேர்ந்து மாட்டுவார்.

டிடக்டிபிள், சில இடங்களில் எக்ஸஸ் என்பார்கள், அதாவது கிளெய்மில் முதலில் உங்கள் பையிலிருந்து போகும் தொகை. அதை ஏற்றினால் பிரீமியம் இறங்கும். ஆனால் இளையவர்களுக்கு ஏற்கெனவே கட்டாய எக்ஸஸ் ஒன்று இருக்கலாம், இரண்டையும் கூட்டிப் பாருங்கள். கூட்டிய தொகையை நாளைக்கே எடுத்து வைக்க முடியாது என்றால் ஏற்றாதீர்கள். மாதத் தவணைக்கு வட்டி உண்டா என்று கேளுங்கள், உண்டென்றால் வருடத்துக்கு மொத்தமாகக் கட்டுவது லாபம். நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் இல்லாமல் ஓட்டியதற்கான தள்ளுபடி, ஏறிக்கொண்டிருக்கும்போது சின்னக் கீறலுக்குக் கிளெய்ம் போடாதீர்கள். தேர்டு பார்ட்டி மட்டும் (எதிராளியின் நஷ்டத்துக்கு மட்டும் கவர்) எடுத்தால் மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம். ஆபத்தான ஓட்டுநர்கள் அதையே அதிகம் எடுப்பதால், சில சந்தைகளில் முழுக் கவர் அதைவிடக் குறைவாக வரும். இரண்டுக்கும் விலை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

"சொல்லாமல் விட்டால் என்ன, யாருக்குத் தெரியப் போகிறது?" இந்தக் கேள்வி வராமல் இருக்காது, எனக்கும் வந்திருக்கும், ஸ்பிரிங் பற்றித் தெரிந்திருந்தால். தெரிந்துவிடும். வீலின் உட்புறம் அளவு அச்சாகியிருக்கும். பல கார்களில் இன்ஜின் கம்ப்யூட்டரை எத்தனை முறை திருத்தி எழுதினார்கள் என்ற எண்ணிக்கையே பதிவாகியிருக்கும், ரீமேப்பை அழித்துவிட்டாலும் எண் ஏறியே நிற்கும். இதெல்லாம் போகட்டும், காரைப் போட்டோ எடுத்து பார்ட் பெயரோடு ஊருக்கே காட்டியது நீங்கள்தானே.

கவனக்குறைவா, வேண்டுமென்றே மறைத்ததா என்பதைப் பொறுத்துத்தான் விளைவு. பிரிட்டனின் 2012ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தெளிவாகப் பிரிக்கிறது: கவனக்குறைவு என்றால், நீங்கள் கட்டியிருக்க வேண்டிய பிரீமியத்தில் எத்தனை பங்கு கட்டினீர்களோ அத்தனை பங்குதான் கிளெய்ம். 100க்குப் பதில் 60 கட்டியிருந்தால் சேதத்தில் 60 சதவீதம். வேண்டுமென்றே என்றால் பாலிசியே செல்லாது, கட்டிய பணமும் போனதுதான். எதிராளிக்குக் கம்பெனி கொடுத்த நஷ்ட ஈட்டையும் உங்களிடம் திருப்பிக் கேட்கலாம். அதன் பிறகு 'உங்கள் பாலிசி எப்போதாவது ரத்து செய்யப்பட்டதா' என்று ஒவ்வொரு படிவமும் கேட்கும், ஒவ்வொன்றிலும் 'ஆம்' என்று எழுத வேண்டும். முன்னே சொன்ன பெருக்கல் கணக்கில் அது இன்னொரு எண்ணாக ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

மாற்றம் சட்டப்படி செல்லுமா என்பதையும் பார்த்துவிடுங்கள், சட்டம் அனுமதிக்காத மாற்றத்துக்குக் கம்பெனிகள் பொதுவாகக் கவர் தராது. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதற்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. வேறு நாடுகளில் வேறு விதி, ஆனால் ஏதோ ஒரு விதி இருக்கும்.

கடைசியாக, செகண்ட் ஹேண்ட் எடுப்பவர்களுக்கு. கையெழுத்துப் போடும் முன் காரை லிஃப்டில் ஏற்றி ஒரு மெக்கானிக்கைக் கீழே பார்க்கச் சொல்லுங்கள். ஸ்பிரிங் நிறம், வீல் அளவு, சைலன்சர் வெல்டிங், ஸ்டீரியோவுக்குப் பின்னால் தொங்கும் ஒயர். பழைய சொந்தக்காரரிடம் 'என்னென்ன மாற்றினீர்கள்' என்று மெசேஜில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். என் காருக்கு அந்தச் சுவர் விபத்துக்குப் பிறகு கம்பெனி ஸ்பிரிங்கே திரும்பப் போட்டேன். அந்தச் சிவப்பு ஸ்பிரிங் இரண்டும் இன்னும் பரணில்தான் கிடக்கின்றன, விற்கலாம் என்று பார்த்தால் கேட்பவர்கள் எல்லாம் பத்தொன்பது வயதுப் பையன்களாக இருக்கிறார்கள், மனசு வரவில்லை.